பழைய வேனா? முதலில் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்

போன ஆடியில் எங்கள் செட்டுக்கு ஒரு பழைய டிராவலர் வேன் வாங்கினோம். செட் என்றால் நாயனம் இரண்டு, தவில் இரண்டு, தாளம், சுருதிப் பெட்டி, டிரைவர், அப்புறம் கூடவே தொற்றிக்கொண்டு வரும் சீடப் பிள்ளைகள் இரண்டு பேர். நான் தவில். திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம்.

எங்களுக்கு வேன்தான் பாதி வீடு. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் ஓர் ஊரில் சுவாமி புறப்பாடு முடிய ராத்திரி 2 மணி ஆகும். இன்னோர் ஊரில் காலை 6 மணிக்கு முகூர்த்தம் இருக்கும். இடையில் தூங்குவது, வேட்டி மாற்றுவது, பொட்டலம் பிரித்து இட்லி சாப்பிடுவது, சம்பளத்தைப் பங்கு போடுவது, அதில் சண்டை வந்து சமாதானம் ஆவது எல்லாம் வேனுக்குள்தான் நடக்கும்.

இந்த வேன் வந்ததிலிருந்து மற்ற செட்டுக்காரர்கள் போன் செய்து, "என்னென்ன பாத்து வாங்குனீங்க?" என்று கேட்கிறார்கள். ஆளுக்கு முக்கால் மணி நேரம் பேசித் தொண்டை கட்டிவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் நாங்கள் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 2016 மகாமகம் முடிந்த கையோடு எங்கள் முதல் வேனை வாங்கினோம். விற்றவர் பெயர் வேண்டாம். வண்டி பளபளவென்று இருந்தது. எஞ்சின் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆனது. ஏசி ஜிலுஜிலுவென்று வந்தது. கூட்டிப்போன டிரைவர் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு, "எஞ்சின் சும்மா கல்லு மாதிரி இருக்குண்ணே" என்றார். அவர் சொன்னது பொய்யும் இல்லை. எஞ்சின் கடைசி வரைக்கும் எங்களுக்கு ஒரு தொல்லையும் தரவில்லை.

அடுத்த வருஷம் ஐப்பசி. மாயவரத்தில் கடைமுழுக்கு, அதாவது ஐப்பசி கடைசி நாள் காவிரி நீராட்டு. துலாக்கட்டத்தில் தீர்த்தவாரி வாசித்துவிட்டுத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. குத்தாலம் தாண்டுவதற்குள் நாயனக்கார அண்ணன் தலையில் ஒரு சொட்டு. அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தார். அங்கேயும் ஒரு சொட்டு. டிரைவர் பிரேக் போட்டால் முன்னால் ஒழுகும், கியர் மாற்றி வேகம் எடுத்தால் பின்னால் ஒழுகும். சிரித்துக்கொண்டுதான் வந்தோம். வீட்டுக்கு வந்து கடைசி சீட்டிலிருந்து தவிலைத் தூக்கினால் உறை சொதசொதவென்று நனைந்திருந்தது.

தவில்காரன் வீட்டில் இது எப்படிப்பட்ட துக்கம் என்று மற்றவர்களுக்குப் புரியாது. பலாக் கட்டையில் தண்ணீர் பட்டால் துடைத்துக்கொள்ளலாம். தோல் நனைந்தால் போச்சு. மறுநாள் ஒரு காதுகுத்து. வலந்தலையில், அதாவது தவிலின் வலது பக்கத் தோலில், விரலில் மாட்டிய கூடு விழுந்தால் 'ணங்' என்று தெறிக்க வேண்டும். சாணி உருண்டையைச் சுவரில் எறிந்த மாதிரி சத்தம் வந்தது. பக்கத்து ஊர்த் தம்பியிடம் தவில் கடன் வாங்கி வாசித்தேன். ஐப்பசி கடைசி நாளில் வர முடியாத முடவனுக்காகக் கார்த்திகை முதல் தேதியும் காவிரியில் முழுக்கு உண்டு என்பார்கள் அல்லவா, முடவன் முழுக்கு என்று? எங்கள் செட்டில் அந்த வேனுக்கு அன்றிலிருந்து அதுதான் பெயர். 'முடவனை எடு' என்றால் வேன் வரும்.

மழை விட்டதும் டிங்கரிங் பட்டறையில் விட்டோம். பட்டறைக்காரர் வேன் தரையில் ஒட்டியிருந்த ரெக்சினைக் கிழித்தார். அடியில் இருந்த பிளைவுட் டீயில் ஊறிய பிஸ்கட் மாதிரி கையோடு வந்தது. அதற்குக் கீழே தகடு. தகட்டில் ஒரு ஓட்டை, ஓட்டை வழியாகப் பட்டறைத் தரை. "அண்ணே, எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. அதை வைக்கத்தான் வண்டி இல்லை" என்றார். இரண்டு தடவை ஒட்டுப்போட்டு 65,000 ரூபாய் போனது. கடைசியில் காயலாங்கடை விலைக்குத்தான் கொடுத்தோம்.

எஞ்சினில் கோளாறு வந்தால் பிரித்து வேலை பார்க்கலாம். டிராவலர் என்கிற இந்த வகை வண்டி 1987-லிருந்து ரோட்டில் இருக்கிறது. அப்போது கம்பெனிக்குப் பஜாஜ் டெம்போ என்று பெயர், 2005-இல்தான் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆனது. எஞ்சினின் பூர்வீகம் மெர்சிடிஸ். இத்தனை வருஷப் பழக்கத்தில் கும்பகோணத்தில் எந்த மெக்கானிக்கும் இந்த எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார். பாடி அப்படி இல்லை. உள்ளே தண்ணீர் இறங்கி இற்றுப்போன பாடிக்கு நீங்கள் போடும் ஒவ்வொரு ஒட்டும் அடுத்த மழை வரைக்கும்தான். அதனால் இந்த முறை நான் போட்ட கணக்கு: முதலில் தண்ணீர், இரண்டாவது துரு, மூன்றாவது பேப்பர், அப்புறம்தான் எஞ்சின்.

மொத்தம் ஏழு வேன் பார்த்தோம். மகரவிளக்கு முடிந்த தை மாதத்திலேயே தேட ஆரம்பித்தது. சபரிமலை சீசன் முழுக்க ஓட்டிவிட்டுக் கழித்துக்கட்டும் வேன்கள் அப்போது புரோக்கர்களிடம் நிறைய வரும். மலை ஏறி இறங்கிய வண்டிகளில் கிளட்சும் பிரேக்கும் தேய்ந்திருக்கும் என்று மெக்கானிக் தம்பி முகத்தைச் சுளித்தார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. கிளட்ச் பிளேட்டைக் கடையில் வாங்கலாம்.

வண்டி பார்க்கப் போனால் நான் முதலில் செய்வது தட்டிப் பார்ப்பது. நாற்பது வருஷமாகத் தட்டிப் பிழைக்கிறவனுக்கு இது ஒன்றாவது உபயோகப்பட வேண்டாமா? விரல் முட்டியை மடக்கி, கதவில் ஆரம்பித்து அடிப்பக்கமாகவே தட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவேன். வெறும் தகடு வலந்தலை மாதிரி, கணீரென்று கேட்கும். பட்டி என்கிற பூச்சால் பள்ளத்தை நிரப்பி மேலே பெயின்ட் அடித்த இடம் தவிலின் இடது பக்கமான தொப்பி மாதிரி, 'தொம்' என்று அடங்கிவிடும். கொஞ்சம் பட்டி எல்லா வண்டியிலும் இருக்கும், அது குற்றம் இல்லை. டயருக்கு மேலே இருக்கும் வளைவு, சைடு கதவின் கீழ் விளிம்பு, பின் கதவின் அடி மூலை, முன் கண்ணாடியின் இரண்டு கீழ் மூலை, இந்த இடங்களில் 'தொம்' வந்தால் அது அடிபட்டதால் வைத்த பட்டி இல்லை, துருவை மூடின பட்டி. காது பழகாதவர்கள் பழைய ஸ்பீக்கரில் இருக்கும் காந்தத்தை எடுத்து மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். தகட்டில் ஒட்டும், கனமான பட்டியில் வழுக்கிவிடும். மூன்றாவதாகப் பார்த்த வேனில் பின் கதவில் காந்தம் நிற்கவே இல்லை. கதவு முழுக்கப் பட்டிதான், நடுநடுவே கொஞ்சம் கதவு.

புது பெயின்ட் வாசனை அடிக்கும் வேனைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்குப் பயம். விற்கப்போகிற வண்டிக்கு எதற்கு ஐயா முழு பெயின்ட்? வண்டிக்கு அடியில் புதிதாகக் கறுப்பு அடித்திருந்தால் இன்னும் சந்தேகம். கறுப்பு காய்ந்தும் காயாமலும் இருந்தால் அதற்குள் என்ன இருக்கிறது என்று ஸ்குரூ டிரைவரிடம்தான் கேட்க வேண்டும்.

அடியில் படுத்துப் பார்க்காமல் வேன் வாங்காதீர்கள். பழைய வேட்டி ஒன்று, செல்போன் டார்ச், ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். ஒரு வேன் நாகப்பட்டினத்துக்காரருடையது. டி.என். 51, வெளியே ஒரு கீறல் இல்லை. கடலோரத்திலேயே நின்று ஓடிய வண்டி. சேஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், துரு அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து நின்றது. மேலாகப் படிந்த செந்துரு எல்லாப் பழைய வண்டியிலும் உண்டு, துணியால் துடைத்தால் பொடியாக வரும். அது போகட்டும். அடுக்கடுக்காக உரியும் துருதான் ஆபத்து. ஸ்குரூ டிரைவரால் குத்தினால் தகடு உள்ளே அமுங்குகிறதா என்று பாருங்கள். சேஸில் வெல்டிங் தடம் இருக்கிறதா, பிளேட் செட் (சக்கரத்துக்கு மேலே இருக்கும் வில் பட்டைகள்) மாட்டியிருக்கும் பிராக்கெட் பக்கம் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். நான் குத்துவதைப் பார்த்ததும் விற்கிறவர், "அண்ணே, நல்லா இருக்கிற வண்டிய நீங்களே ஓட்ட போட்டுடாதீங்க" என்றார். நல்ல தகட்டில் எப்படி ஐயா ஓட்டை விழும்?

இன்னொரு வேன் சென்னை வண்டி. மற்றவற்றைவிட 80,000 ரூபாய் குறைவு. ஏன் குறைவு என்று கேட்டால் அவசரமாம். டிரைவர் சீட் பெல்ட்டை முழுசாக, கடைசி வரைக்கும் இழுத்துப் பார்த்தேன். சுருளுக்குள் இருந்த பாகத்தில் வண்டல் கோடு. காவிரிக் கரையில் பிறந்தவனுக்கு வண்டலைத் தெரியாதா? சீட் காலடிகளில் போல்ட் தலை எல்லாம் துரு. டேஷ்போர்டுக்கு அடியில் வயர் முனைகளில் செம்பு பச்சை பூத்திருந்தது. ஏதோ ஒரு வெள்ளத்தில் நின்ற வண்டி. வெள்ளத்தில் நின்ற வண்டி உடனே மக்கர் செய்யாது. வயர் உள்ளுக்குள் அரித்து, ஆறு மாதம் கழித்து, நடு ராத்திரியில், ஆள் இல்லாத ரோட்டில் காட்டும். இப்போது வருகிற எஞ்சின்களுக்கு மூளையே ஒரு எலெக்ட்ரானிக் பெட்டி, அதற்குள் தண்ணீர் போனால் மெக்கானிக் தம்பியால் ஒன்றும் செய்ய முடியாது.

ஏழாவதுதான் நாங்கள் வாங்கியது. 2014 மாடல், 12+1 (12 பேரும் டிரைவரும்), கும்பகோணத்துப் பதிவு டி.என். 68. நவக்கிரகக் கோயில் டூர் அடித்துக்கொண்டிருந்த வண்டி. தட்டினேன், குத்தினேன், சரி என்று பட்டது. ஆனால் ஆடி மாதம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஒழுகுகிற வேனை விற்க ஆடியைவிட நல்ல மாதம் எது? அதனால் விற்கிறவரிடம், "வண்டிய எங்க வயலுக்குக் கொண்டாங்க, போர் தண்ணியில ஒரு கால் மணி நேரம் நனைச்சுப் பாக்கணும்" என்றேன். அவர் ஏதோ ஜோக் சொல்கிறேன் என்று நினைத்தார். இல்லை என்று தெரிந்ததும் புரோக்கர் குறுக்கே விழுந்தார். "வண்டிக்கு அபிஷேகமா? மேளத்தையும் எடுத்தாந்துடுங்க, சேத்தே நடத்திடலாம்." மற்ற ஆறு பேரில் இரண்டு பேர் இந்த இடத்தில்தான் பின்வாங்கினார்கள். இவர் யோசித்துவிட்டு, "வாங்க, ஊத்துங்க" என்றார். அப்போதே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

மூன்று ஃபேஸ் கரன்ட் வரும் நேரம் பார்த்து மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினோம். இதில் ஒரு முறை இருக்கிறது. ஓஸின் வாயை விரலால் அமுக்கிக் கண்ணாடி ஓரத்தில் பீய்ச்சி அடித்தால் புது வண்டிகூட உள்ளே வாங்கும், அது கணக்கில்லை. ஓஸை மேலே தூக்கிப் பிடித்து, தண்ணீர் மழை மாதிரி விழ வேண்டும். முதலிலேயே கூரையில் ஊற்றவும் கூடாது. கீழே ஆரம்பித்து, கதவு, அப்புறம் ஜன்னல் பீடிங், அப்புறம் கண்ணாடி ரப்பர், கடைசியில் கூரை. அப்போதுதான் எந்த மட்டத்தில் தண்ணீர் உள்ளே வருகிறது என்று தெரியும். மேலிருந்து ஊற்றினால் எல்லாம் சேர்ந்தே நனையும், ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது.

உள்ளே தரை முழுக்கப் பழைய பேப்பர் விரித்து, கதவைச் சாத்திக்கொண்டு நானும் தாளக்காரரும் உட்கார்ந்தோம். ஏசி போடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். கூரையில் இருக்கும் ஏசியிலிருந்து தண்ணீர் வெளியே போகும் குழாயில் தூசி அடைத்திருந்தால் அதுவும் சொட்டும், அதையும் மழை ஒழுகலையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வெளியே இரண்டாவது தவில் தம்பி ஓஸோடு நின்றான். கூரையில் தண்ணீர் விழும் சத்தம் உள்ளே கேட்க நன்றாகத்தான் இருந்தது. தாளக்காரர் தொடையில் ஆதி தாளம் போட ஆரம்பித்துவிட்டார்.

பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் சாமான் கேரியருக்குக் கீழே, நடு சீட்டு வரிசைக்கு மேலே, கூரைத் துணியில் ஒரு ஈரம். நெல்லிக்காய் அளவு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எலுமிச்சை அளவாகி, ஒரு சொட்டு பேப்பரில் 'டொப்'. கேரியர் மாட்டக் கூரையில் போட்ட போல்ட் ஓட்டை. எங்கள் முடவனுக்கும் இதே நோய்தான். அதில் தண்ணீர் உள்தகட்டுக்கும் துணிக்கும் நடுவிலேயே ஓடிப் பத்து இடத்தில் ஒழுகியது. அதனால்தான் பிரேக் போட்டால் முன்னால், வேகம் எடுத்தால் பின்னால். இதில் நேர் கீழே விழுந்தது. புது ஒழுகல், இன்னும் பரவவில்லை. சீட்டுக்குக் கீழே ரெக்சின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிளைவுட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன், கல் மாதிரி இருந்தது. ஓரத்தில் மட்டும் நாலு விரல்கடை கறுத்திருந்தது. போல்ட்டைக் கழற்றி, துரு சுரண்டி, ரப்பர் வாஷரும் பேஸ்ட்டும் வைத்தால் தீர்ந்தது. விற்கிறவருக்கே அந்த ஒழுகல் தெரியாது என்று நினைக்கிறேன், முகம் அப்படி இருந்தது. விலை பேச எனக்கு ஒரு பிடி கிடைத்தது.

எஞ்சின் பக்கம் மெக்கானிக் தம்பியின் வேலை. அவர் சொன்னதில் எனக்கு விளங்கியதை மட்டும் சொல்கிறேன். நீங்கள் போகும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்து பழக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் தயிர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கக் கூடாது, ஆயிலில் தண்ணீர் கலக்கிறது என்று அது சொல்கிறது. ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் புகை வருவது சகஜம். சூடேறின பிறகும் நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் திறக்கவும். இதைச் சொல்லக் காரணம், எங்கள் டிரைவரின் வலது கையில் இருக்கும் தழும்பு.

கிளட்ச் பார்க்க மேட்டில் நிறுத்தி எடுக்க வேண்டும் என்றார் தம்பி. தஞ்சாவூர் ஜில்லாவில் மேட்டுக்கு எங்கே போவது? எங்கள் ஊரில் மேடு என்றால் பாலம், இல்லாவிட்டால் ஆற்றங்கரை. திருப்பனந்தாள் வழியாக அணைக்கரைக்குப் போய்க் கொள்ளிடக் கரை ஏற்றத்தில் பாதியில் நிறுத்தச் சொன்னார். உள்ளே எட்டு பேர், வேண்டுமென்றே ஏற்றிப் போயிருந்தோம். ஹேண்ட் பிரேக் பிடித்தது. எடுக்கும்போது எஞ்சின் கத்தி வண்டி நகராமல் நின்றால் கிளட்ச் போய்விட்டது. இது கொஞ்சம் முனகிவிட்டு ஏறியது. இறங்கும்போது பிரேக்கில் ஒரு பக்கம் இழுத்தது, இடது பக்கம். அதைத் தம்பி குறித்துக்கொண்டார்.

டயரில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியவில்லை. பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-இல் 23-ஆவது வாரம் செய்த டயர். பட்டன் (டயரில் ரோட்டைத் தொடும் மேடு) நிறைய இருக்கிறது, புதுசு என்பார்கள். ஓடாமல் வெயிலில் நின்ற டயர் பட்டனோடு அப்படியே கிழடாகிவிடும், பக்கத்தில் நுணுக்கமாக வெடிப்பு ஓடும். ஸ்டெப்னியையும் இறக்கிப் பாருங்கள். இந்த வேனில் நாலு டயரும் பரவாயில்லை, ஸ்டெப்னி மட்டும் எங்கள் முடவனைவிட மூத்தது.

கிலோமீட்டர் மீட்டரை நான் பார்ப்பதே இல்லை. கிளட்ச் பெடல் ரப்பரைப் பார்ப்பேன். ரப்பர் வழவழவென்று தேய்ந்து, டிரைவர் சீட்டு ஒரு பக்கம் சாய்ந்து, மீட்டரில் மட்டும் 70,000 என்று இருந்தால் யார் பொய் சொல்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

பேப்பர். இதில் சோம்பல் பட்டவர்கள்தான் எங்கள் பக்கம் அதிகம். எனக்குத் தெரிந்த ஒரு செட்டில் பெயர் மாற்றாமலேயே நாலு வருஷம் ஓட்டினார்கள். ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், பெயர் இருந்தவர் காலமாகிவிட்டார். இப்போது அவருடைய மூன்று பிள்ளைகளின் கையெழுத்துக்கு அலைகிறார்கள், அதில் ஒருவர் மற்ற இருவரோடு பேசுவது இல்லை.

நம் கையில் வண்டியை விற்கிறவரும் ஆர்.சி.யில் இருக்கிறவரும் ஒரே ஆளா என்று முதலில் பாருங்கள். பாதி வண்டிகளில் நடுவில் ஒரு புரோக்கர், கையில் பழைய கையெழுத்துப் போட்ட பாரம் 29, 30 (பெயர் மாற்றும் பாரங்கள்) வைத்துக்கொண்டு நிற்பார். கடன் இருந்த வண்டி என்றால் ஆர்.சி.யில் ஹெச்.பி. (கடன் பாக்கி என்ற குறிப்பு) என்று ஏறியிருக்கும், கடனை அடைத்துவிட்டேன் என்ற வாய் வார்த்தை போதாது, பைனான்ஸ்காரர் கையெழுத்துப் போட்ட பாரம் 35 வேண்டும். அரசாங்கத்தின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் எது வரைக்கும் என்று தெரியும். செலான் (போக்குவரத்து அபராதம்) பாக்கியும் அங்கேயே பார்த்துவிடலாம். மஞ்சள் போர்டு வாடகை வண்டிக்கு எட்டு வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்க வேண்டும். எஃப்.சி. முடிய இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது என்றால், அந்தச் செலவுக்குப் பயந்துதான் விற்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். சேஸ் நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் காரைக்கால் வண்டி, பி.ஒய். 02. விலை குறைவாகச் சொல்வார்கள். அது புதுச்சேரிப் பதிவு, தமிழ்நாட்டுக்கு வெளியே. தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டு வரி கட்டி, இங்கே பதிவு மாற்றிக் கணக்குப் போட்டால் குறைந்த பணம் எல்லாம் திரும்ப ஏறிவிடும். ஆசையாக ஒன்று பார்த்தோம், கணக்குப் போட்டுவிட்டு விட்டுவிட்டோம்.

சீட்டை எண்ணுங்கள். சிரிக்காதீர்கள். டிரைவரைச் சேர்க்காமல் 12 பேர் வரைதான் மேக்சி கேப். அதற்கு மேலே போனால் சட்டப்படி வேறு வகை, பெர்மிட்டும் வேறு. ஒரு வேனில் ஆர்.சி.யில் 12+1 இருந்தது, உள்ளே எண்ணினால் 15 சீட்டு. "விசேஷத்துக்கு வசதியா இருக்கும்ணு போட்டோம்" என்றார். விபத்து என்று ஒன்று வந்தால் இன்சூரன்ஸ்காரரும் எண்ணுவார்.

சீட்டைக் கூட்டினால் மட்டும்தான் தப்பு என்று இல்லை, கழற்றினாலும் தப்புதான். எனக்கே ஒரு ஆசை இருந்தது, கடைசி வரிசையைக் கழற்றிவிட்டுத் தவில் வைக்க ஒரு மேடை, மேலே படுக்க ஒரு பலகை அடிக்கலாம் என்று. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் இருக்கும் விவரம் மாறும்படி வண்டியில் கை வைக்கக் கூடாது என்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் விவரம் தெரிந்த ஒருவர், "ஐயா, சீட்டுல கை வைக்காதீங்க, மெத்தைய விரிச்சுப் படுத்துக்குங்க" என்றார். இப்போது சீட்டு இடைவெளியில் செருகிக்கொள்ளும்படி மடக்குப் பலகை ஒன்று செய்திருக்கிறேன். காலையில் எடுத்து மடக்கி வைத்துவிடுவோம்.

விலை. 5,25,000 கேட்டார். கேரியர் ஒழுகல், இடது பிரேக், ஸ்டெப்னி, மூன்றை மட்டும் சொன்னேன். சீட்டு உறை கிழிசல், ஹார்ன் சத்தம் என்று அல்பமானதை எல்லாம் அடுக்கினால் விற்கிறவருக்கு எரிச்சல்தான் வரும், விலை இறங்காது. 4,70,000-க்கு முடிந்தது. 10,000 டோக்கன் (முன்பணம்), எழுதிக் கையெழுத்து. மீதி, பெயர் மாற்றும் பேப்பரில் கையெழுத்தான அன்று பேங்க் வழியாக. விற்றவர் 14 நாளுக்குள், வாங்கினவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸை நம் பெயருக்கு மாற்ற 14 நாள். அதன் பிறகு ரிப்பேருக்கு 38,000 ஆனது, அதில் பாதி பிரேக்குக்கும் ஸ்டெப்னிக்கும்.

ஆடியில் வண்டி எடுக்கலாமா என்று நாயனக்கார அண்ணன் இழுத்தார். "பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கு எடுத்தா என்ன தோஷம்?" என்று என் மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அன்றைக்குக் காவிரியில் தண்ணீர் ஓடியது. படித்துறையில் பெண்கள் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருக்க, வண்டியைக் கரையில் நிறுத்தி எலுமிச்சம்பழம் நசுக்கினோம். தாளக்காரர் என் காதில், "இன்னொரு தடவ ஊத்திப் பாக்கலாமா?" என்றார். ஆறு பக்கத்திலேயே இருந்ததால் அவருக்கு அந்த ஆசை.

இந்த ஐப்பசியில் மறுபடியும் கடைமுழுக்கு, மறுபடியும் மாயவரம். குத்தாலம் தாண்டும்போது மழை பிடித்தது. ஒருவரும் பேசவில்லை, எல்லோரும் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டு வந்தோம். ஆடுதுறை வரைக்கும் ஒரு பொட்டு இல்லை. அங்கே டிரைவர் ஏசியைக் கூட்டி வைத்தார். நாயனக்கார அண்ணன் உச்சந்தலையில் சரியாக ஒரு சொட்டு விழுந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல முடியாது. "மழை இல்லண்ணே, ஏசிக் குழாய் அடச்சிருக்கு" என்றேன். தொட்டு மோந்து பார்த்துவிட்டு, "தண்ணி தண்ணிதானடா" என்றபடி என் சீட்டுக்கு வந்தார், நான் அவர் சீட்டுக்குப் போனேன்.